தொழிலாளர் துயர் துடைத்த வைத்தியர் அலிஸ் ஹமில்டன் அம்மையார்

மக்கள் தமக்கு நேரும் துன்பத்தின் காரணத்தை அறியாதவிடத்து அதனைத் தலைவிதி என்று சொல்லி அமைதல் எந்நாட்டிலும் காணப்படும் வழக்கமாகும். வண்ணம் பூசுவோனுடைய மணிக்கட்டு வலியிழந்து தொங்கினால் அது விதி என்பர். தொப்பி செய்வோனுடைய கை நடுங்கினால் அது குடியின் பயன் என்பர். கல் அறுப்போன் நடுவயதில் இருமி இறந்தால் அது அவன் குடும்பத்து நோய் என்பர். இவ்வாறு கூறுமிடத்து எவர்மேலும் பழி வருவதில்லை. எவருடைய பணமும் செலவாவதில்லை. ஆகையால் இவ்விளக்கம் பலர்க்கும் வசதியாக இருந்து வந்துள்ளது. திருவள்ளுவர் ஊழின் வலிமையை ஓரதிகாரத்தில் எடுத்துரைத்தவராயினும், ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் தளராத முயற்சியின் முன் ஊழும் பின்வாங்கும் என்ற கருத்தை நிறுவினார். மருந்து என்னும் அதிகாரத்திலோ, நோயை அறிதலோடு நில்லாது அதற்கு மூலமானதையும் ஆராய்தல் வைத்தியன் கடமை என்று விதித்தார். இவ்விரு கருத்துக்களுக்கும் தம் வாழ்க்கையையே உதாரணமாக வைத்துச் சென்றவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவர்தாம் டாக்டர் அலிஸ் ஹமில்டன் அம்மையார்.

எமது கல்லூரியின் விழா மலரிலே பிறநாட்டுப் பெண்மணியொருவரின் சரித்திரம் எதற்கு என்று சிலர் வினவலாம். இக்கல்லூரியிற் பயின்றோர் வைத்தியராகவும், பொறியியலாளராகவும், அரசாங்க உத்தியோகத்தராகவும், வர்த்தகராகவும், தொழிற்சாலைகளை நடத்துவோராகவும் வாழ்கின்றனர். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் கீழே பிறர் கைவருந்தி உழைக்கின்றனர். அவ்வுழைப்பாளர் மாலையில் உடல்நலத்தோடு வீடு திரும்புவது யாருடைய பொறுப்பு என்ற வினா எம்மையும் சார்ந்ததே. அவ்வினாவுக்கு விடை தேடுவதிலே தம் ஆயுளைச் செலவிட்டவரின் வரலாறு எம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்தரும் என்று நம்புகின்றோம்.

இளமையும் கல்வியும்

அலிஸ் அம்மையார் 1869 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 27 ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். வளர்ந்த இடம் இந்தியானா மாகாணத்தைச் சேர்ந்த போர்ட் வேய்ன் என்னும் ஊர். பெண்மக்கள் நால்வருள் இவர் இரண்டாமவர். மூத்தவராகிய ஈடித் ஹமில்டன் பிற்காலத்திற் பண்டைக் கிரேக்க நாகரிகம் பற்றி எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். பிள்ளைகள் முதலிற் பாடசாலைக்கு அனுப்பப்படவில்லை. வீட்டிலேயே மொழிகளும் இலக்கியமும் வரலாறும் கற்றனர். கணிதமும் விஞ்ஞானமும் அவ்வீட்டுக் கல்வியில் மிகக் குறைவாகவே இடம்பெற்றன. தந்தையார் பலசரக்கு மொத்த வியாபாரஞ் செய்தவர். 1885 ஆம் ஆண்டளவில் அவ்வியாபாரம் முறிந்தபின், பெண்மக்கள் தத்தம் உழைப்பாற் பிழைக்க வேண்டியவராயினர்.

எங்குச் சென்றாலும் பிறர்க்குப் பயன்படக்கூடிய தொழில் யாது என்று ஆராய்ந்த அலிஸ் வைத்தியத்தைத் தெரிந்தெடுத்தார். தாம் கல்லாத இரசாயனத்தையும் பௌதிகத்தையும் தனியே முயன்று கற்று, மிச்சிக்கன் சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1893 ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்றார். மினியாப்போலிசிலும் பொஸ்டனிலும் பெண்கள், குழந்தைகளுக்குரிய வைத்தியசாலைகளிற் பயிற்சி பெற்றபின், கிருமியியலும் நோயியலும் கற்கும் நோக்கத்தோடு 1895 ஆம் ஆண்டு தமக்கையாரோடு ஜேர்மனிக்குச் சென்றார். அங்கே லைப்சிக், மியூனிக் ஆகிய நகரங்களின் சர்வகலாசாலைகள் பெண்களை மாணவராக ஏற்பதில்லை. பிறர் கண்ணுக்குத் தோன்றாதவர்போல் ஒதுங்கியிருந்து விரிவுரை கேட்கலாம் என்ற அளவிலேயே அனுமதி கிடைத்தது. அவமதிப்பென்று கருதி ஊர் திரும்பாது, கிடைத்ததைக் கற்றுக்கொண்டு மீண்டார். பின்னர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியக் கல்லூரியில் ஓராண்டு ஆராய்ச்சி செய்தார்.

ஹல் இல்லமும் ஒரு தவறும்

1897 ஆம் ஆண்டு சிக்காகோ நகரிலுள்ள பெண்கள் வைத்தியக் கல்லூரியில் நோயியல் கற்பிக்கும் பதவி அம்மையாருக்குக் கிடைத்தது. அந்நகரில் ஜேன் அடம்ஸ் அம்மையார் 1889 ஆம் ஆண்டு தொடக்கிய ஹல் இல்லம் என்னும் சேவை நிலையம் இருந்தது. இத்தாலி, போலந்து முதலாய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. கற்றவர்கள் அவ்வேழைகளின் நடுவே குடியிருந்து, அவர்களுடைய அயலவராக வாழ்ந்து தொண்டு செய்தல் அந்நிலையத்தின் கொள்கை. அலிஸ் அம்மையார் 22 ஆண்டு அங்கேயே வாழ்ந்தார். பகலிலே கல்லூரியிற் கற்பித்து, மாலையிலே குழந்தைகளைக் குளிப்பாட்டி, தாய்மார்க்கு நல்வழி கூறினார். அயல்வீடுகளுக்குச் சென்றபோது, கை செயலிழந்த வண்ணக்காரரையும், வயிற்றுவலியாற் சுருண்டு கிடக்கும் உருக்குச்சாலைத் தொழிலாளரையும் கண்டார். இவர்களுடைய நோய்க்கும் தொழிலுக்கும் தொடர்புண்டோ என்ற ஐயம் அங்கேதான் அவருள்ளத்தில் முளைத்தது.

இவ்விடத்தே அம்மையாரின் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒரு தவற்றையும் கூறுதல் வேண்டும். பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகையவற்றை மறைத்துவிடுதல் உண்டு. அம்மையாரோ தாமே அதனை வெளியிட்டவர். 1902 ஆம் ஆண்டு சிக்காகோவில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது, ஹல் இல்லத்தைச் சூழ்ந்த பகுதியிலே மற்றெங்கும் இல்லாத அளவுக்கு மக்கள் பாதிக்கப்பட்டனர். மூடப்படாத மலகூடங்களில் மொய்த்த ஈக்களே நோயைப் பரப்பின என்று அம்மையார் ஊகித்தார். ஈக்களைப் பிடித்துச் சோதித்து, அவற்றிலே நோய்க்கிருமி இருத்தலையுங் கண்டு, கட்டுரையாக வெளியிட்டார். அறிஞர் பாராட்டினர், பத்திரிகைகள் போற்றின, நகரச் சுகாதாரப் பகுதியும் அதனாற் சீர்திருத்தப்பட்டது. ஆனால், அப்பகுதிக்கு நீர் இறைக்கும் நிலையத்திலே குழாய் உடைந்து, மூன்று நாள்வரை மலநீர் குடிநீரோடு கலந்தது என்பதும், அதிகாரிகள் அச்செய்தியை மறைத்துவிட்டனர் என்பதும் பின்னர் அவருக்குத் தெரியவந்தன. அக்காய்ச்சலிலே ஈக்களுக்கிருந்த பங்கு மிகச் சிறிது. தமக்குப் புகழீட்டித் தந்த அக்கட்டுரையின் முடிவு பிழை என்பதை அம்மையார் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் ஒளியாது எழுதினார். ஆய்வுகூடத்திற் கிடைத்த ஒரு சான்றைக் கொண்டு முழு உண்மையையும் கண்டதாக எண்ணிவிடலாகாது என்ற பாடத்தை அவர் அன்று கற்றார். அதன்பின் அவர் செய்த ஆராய்ச்சிகள் அனைத்திலும் நேரிற் சென்று காணுதலும், பலவழியாலும் சான்று திரட்டுதலும் முதலிடம் பெற்றன.

ஈயத்தைத் தேடிய பயணம்

1907 ஆம் ஆண்டளவில் அம்மையார் ஆங்கில வைத்தியராகிய தோமஸ் ஒலிவர் ஆபத்தான தொழில்களைப்பற்றி எழுதிய நூலைப் படித்தார். பிரித்தானியாவிலே 1895 ஆம் ஆண்டு முதல், தொழிலாளர்க்கு ஈயநஞ்சு ஏற்பட்டால் வைத்தியர் அரசாங்கத்துக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இருந்தது. 1898 ஆம் ஆண்டிலே தோமஸ் லெக் என்பவர் அங்கே தொழிற்சாலைகளின் முதலாவது வைத்தியப் பரிசோதகராக நியமிக்கப்பட்டார். ஜேர்மனியிலும் இத்தகைய விதிகள் இருந்தன. அமெரிக்காவிலோ சட்டமில்லை, கணக்கில்லை, இதனைப்பற்றிப் பேசுவாருமில்லை. தம் நாட்டுத் தொழிற்சாலைகள் உயர்ந்தவை, ஆகையால் அங்கே இந்நோய்கள் தோன்றா என்ற பெருமிதம் மட்டும் இருந்தது.

1908 ஆம் ஆண்டு இலினோய் மாகாண ஆளுநர் தொழில்நோய்களை ஆராய்தற்கு ஓர் ஆணைக்குழுவை அமைத்தார். அமெரிக்காவில் இத்துறையிலே மாகாண அரசொன்று தொடங்கிய முதன்முயற்சி அது. 1910 ஆம் ஆண்டு அவ்வாராய்ச்சியை நடத்தும் பொறுப்பு அலிஸ் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தம் பங்குக்கு ஈயத்தை எடுத்துக்கொண்டார். எந்தத் தொழிலில் ஈயம் பயன்படுகின்றது என்ற பட்டியல்கூட அந்நாளில் இல்லை. தொழிற்சாலைக்குள் நுழைவதற்குச் சட்டப்படியான அதிகாரமும் அவர்க்கில்லை. முதலாளிமார் வாயிலிற் கேட்டு, அவர்கள் இசைந்தாற் பார்க்கலாம்; மறுத்தால் திரும்ப வேண்டும். ஆகவே அவர் வைத்தியசாலைகளின் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக்கடைக்காரரையும் குருமாரையும் தொழிற்சங்கத்தாரையும் விசாரித்தார். நோயாளியின் வீடு தேடிச்சென்று, அவன் செய்யும் தொழிலைக் கைவேலை கைவேலையாகக் கேட்டறிந்தார்.

இம்முறையின் சிறப்பை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம். குளிக்கும் இரும்புத் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் தொழில் செய்த போலந்து நாட்டவன் ஒருவன் கடும் வயிற்றுவலியோடும் மணிக்கட்டு வாதத்தோடும் கிடந்தான். அம்மையார் அத்தொழிற்சாலைக்குச் சென்று பார்த்தார். ஈயம் என்பது அங்கே இல்லை என்று மேற்பார்வையாளர் கூறினார். காட்டப்பட்ட வேலையிலும் ஆபத்து எதுவும் தோன்றவில்லை. அம்மையார் அதனோடு அமையாது தொழிலாளியின் வீட்டுக்கு மீண்டுஞ் சென்றார். தாம் கண்டது கடைசியாகச் செய்யும் சில்லறைத் திருத்தவேலை என்பதும், செந்நிறமாகக் காய்ச்சிய தொட்டியின்மீது எனாமற்பொடியைத் தூவும் உண்மையான வேலை வேறோர் இடத்திலுள்ள கட்டிடத்தில் நடைபெறுகின்றது என்பதும் அங்கே தெரியவந்தன. அப்பொடியிற் சிறிது பெற்றுச் சோதித்தபோது, உடலிற் கரையக்கூடிய ஈயம் நூற்றுக்கு 20 பங்குவரை இருந்தது. பொடி தூவும்போது எழும் தூசியைத் தொழிலாளர் நாள்முழுதும் சுவாசித்து வந்தனர்.

சுருட்டுக்கு ஈயத்தாள் சுற்றுதல், பளிங்குக் கண்ணாடிப் பாத்திரங்களை மெருகிடுதல், சரக்குப் புகைவண்டிகளுக்கு முத்திரையிடுதல் முதலாக, எவரும் ஐயுறாத வேலைகளிலும் ஈயம் இருத்தலை அவர் கண்டார். ஈயம் பயன்படும் வேலைமுறைகள் எழுபதுக்கு மேற்பட்டவை அவராற் பதியப்பட்டன. ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட ஈயநஞ்சு நோயாளரின் தொகை 578. இவ்வறிக்கையின் பயனாக 1911 ஆம் ஆண்டு இலினோய் மாகாணத்திலே தொழில்நோய்ச் சட்டம் நிறைவேறியது. பாதுகாப்பு வசதிகளை அமைத்தலும், மாதந்தோறும் தொழிலாளரை வைத்தியர் பரிசோதித்தலும் அதனாற் கட்டாயமாயின.

இவ்வாராய்ச்சியில் எமது சிந்தனைக்குரியதொரு செய்தி உண்டு. ஈயம் கழுவாத கையின் வழியாக உணவிற் கலந்து உடலிற் செல்கின்றது என்றே அக்காலத்து முதலாளிமாரும் வைத்தியர் பலரும் நம்பினர். அங்ஙனமாயின் குற்றம் தொழிலாளியுடையது. கையைக் கழுவியிருந்தால் நோய் வந்திராது. அம்மையாரோ, முதன்மையான வழி வாயன்று, மூச்சே என்று காட்டினார். தூசியாகவும் ஆவியாகவும் காற்றிற் கலந்த ஈயத்தை, எத்துணைத் தூய்மையுள்ளவனாயினும், சுவாசியாதிருத்தல் இயலாது. கையைக் கழுவுதல் தொழிலாளியின் கடன். காற்றைத் தூய்மையாக்கும் ஆற்றலோ தொழிற்சாலையை அமைத்தவனிடத்தே உண்டு. இச்சிறு விஞ்ஞான உண்மையால் நோயின் பொறுப்பு ஏழையிடமிருந்து முதலாளியிடத்துக்கு மாறியது. அம்மையாரின் பணிகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை என்று கருதுகின்றோம்.

எதிர்த்தோரும் இணங்கினோரும்

முதலாளிமார் அனைவரையும் கொடியவர் என்று அம்மையார் கருதினாரல்லர். அவர்களுட் பலர் தம் தொழிற்சாலையில் நிகழ்வதை அறியாதவர் என்றும், அறிந்தால் திருத்துவர் என்றும் நம்பினார். சில இடங்களில் அந்நம்பிக்கை பொய்த்தது. சில இடங்களில் மெய்யாயிற்று. தேசிய ஈயக் கொம்பனி என்னும் பெரிய நிறுவனத்தின் நிருவாகிகளுள் ஒருவரான எட்வேட் கோணிஷ் என்பவரை அவர் சந்தித்தார். வண்ணத்துக்குப் பயன்படும் ஈயவெள்ளை செய்யும் தம் தொழிற்சாலையிலே மக்கள் நஞ்சுண்கின்றனர் என்பதை கோணிஷ் நம்ப மறுத்தார். தக்க சான்று காட்டினால் ஆவன செய்வதாக மட்டும் வாக்களித்தார். அம்மையார் தேடிச்சென்று, வைத்தியசாலையிற் கிடந்து சிகிச்சை பெறவேண்டிய அளவுக்கு நோயுற்ற 22 பேரின் விவரங்களைத் திரட்டிக் கொண்டுவந்து வைத்தார். கோணிஷ் வாக்குத் தவறவில்லை. தூசியையும் புகையையும் அடக்கும் ஏற்பாடுகளைச் செய்தார்; தொழிலாளரைப் பரிசோதிக்க வைத்தியரை நியமித்தார். அந்நாளில் இவ்வாறு செய்யும்படி அவரைக் கட்டாயப்படுத்தத்தக்க சட்டம் எதுவும் இல்லை.

1910 ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரிலே தொழில்விபத்துக்களும் தொழில்நோய்களும் பற்றிய சர்வதேச மகாநாடு நடைபெற்றது. அங்கே அமெரிக்காவின் நிலைபற்றி ஐரோப்பிய அறிஞர் வினவியபோது அம்மையாரால் விடைகூற இயலவில்லை. தொழிற் சுகாதாரம் என்பதொன்று அந்நாட்டிலே இல்லை என்று பெல்ஜிய அதிகாரியொருவர் பலர்முன் கூறிமுடித்தார். அந்நாணத்தோடு இருந்தவரை, அமெரிக்க மத்திய அரசின் தொழில் ஆணையாளராகிய சார்ள்ஸ் நீல், நாடு முழுவதும் இத்தகைய ஆராய்ச்சியை நடத்தும்படி வேண்டினார். மாதச் சம்பளமில்லை, அதிகாரப் பத்திரமில்லை, அறிக்கை முடிந்தபின் அரசு அதனை விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்பதே ஏற்பாடு. அம்மையார் அதனை ஏற்றார். கிருமியியல் ஆய்வுகூடத்துக்கு அவர் திரும்பவில்லை.

முதல் உலகப் போரின்போது வெடிமருந்துச் சாலைகள் இரகசியமாக அமைக்கப்பட்டன. அவை இருக்கும் இடத்தைக் கூறுவாரில்லை. வானத்தில் எழும் மஞ்சட் புகையைப் பார்த்து அதன் திசையிற் சென்றும், தெருவிலே தோலும் தலைமயிரும் மஞ்சள் நிறமாகச் சாயமேறித் திரிந்த தொழிலாளரை வினவியும் அம்மையார் அச்சாலைகளைக் கண்டுபிடித்தார். 1918 ஆம் ஆண்டு இந்தியானாவின் பெட்பேர்ட் என்னும் ஊரிலே சுண்ணாம்புக்கல் செதுக்குவோரை ஆராய்ந்தார். காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியலைப் பிடிக்கும் விரல்கள் குளிர்நாளில் வெளுத்து உணர்விழந்து போதல் அக்கருவியின் அதிர்வாலே என்று காட்டினார். அடுத்த ஆண்டில் அரிசோனா மாகாணத்துச் செம்புச் சுரங்கங்களில் ஏணி வழியே இறங்கிப் பார்த்தார். அப்போது அவர்க்கு வயது ஏறத்தாழ 50.

ஹார்வாட்டில் ஒரு பெண்

1919 ஆம் ஆண்டு ஹார்வாட் சர்வகலாசாலை தொழில் வைத்தியத்தைக் கற்பிக்க ஒருவரை நாடியது. அத்துறையிலே அலிஸ் அம்மையாருக்கு நிகராகக் கற்ற ஆண்மகன் ஒருவரும் அந்நாட்டில் இல்லை. ஆகையால், பெண்களை மாணவராகவும் ஏற்காத அவ்வைத்தியக் கல்லூரி, ஒரு பெண்ணை உதவிப் பேராசிரியராக நியமித்தது. ஹார்வாட்டின் வரலாற்றிலே ஆசிரியப் பதவி பெற்ற முதற் பெண் அவரே. அந்நியமனத்தோடு மூன்று நிபந்தனைகளும் வந்தன. ஆசிரியர் கழகத்துள் அவர் நுழைதலாகாது. கால்பந்தாட்டத்துக்கு ஆசிரியர்க்குரிய அனுமதிச்சீட்டைக் கேட்டலாகாது. பட்டமளிப்பு விழாவின் ஊர்வலத்திற் செல்லுதலும் மேடையில் அமர்தலும் ஆகா. ஆண்டுதோறும் அவ்விழாவுக்கு அழைப்பிதழ் வந்தபோது, பெண்கள் மேடையில் அமரலாகாது என்ற எச்சரிக்கையும் அதிலே அச்சிடப்பட்டிருந்தது. அவர் 16 ஆண்டு கற்பித்து 1935 ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபோதும் உதவிப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். பதவியுயர்வு ஒருமுறையேனும் அளிக்கப்படவில்லை. ஹார்வாட் வைத்தியக் கல்லூரி பெண்களை மாணவராக ஏற்றது 1945 ஆம் ஆண்டிலேயாகும்.

ஆண்டின் பாதியைக் கற்பித்தலுக்கும் பாதியை வெளியாராய்ச்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அம்மையார் விதித்த நிபந்தனை. அதன்படி தொப்பித் தொழிலில் இரசத்தால் வரும் நடுக்கத்தையும், வேறு பல தொழில்நஞ்சுகளையும் ஆராய்ந்தார். 1925 ஆம் ஆண்டு அமெரிக்காவின் தொழில்நஞ்சுகளைப்பற்றி அவர் எழுதிய நூல் அத்துறைக்கு அந்நாட்டிலே முதனூலாயிற்று. 1924 முதல் 1930 வரை சர்வதேச சங்கத்தின் சுகாதாரக் குழுவிலும் அங்கத்தவராயிருந்தார்.

றேடியமும் பெற்றோலும்

இக்காலத்தில் எழுந்த இரு வழக்குகள் குறிப்பிடத்தக்கவை. நியூஜேர்சியிலே இருளில் ஒளிரும் மணிக்கூட்டு முகங்களுக்கு றேடியங் கலந்த வண்ணத்தால் எண்ணெழுதும் தொழிலில் இளம்பெண்கள் அமர்த்தப்பட்டனர். தூரிகையின் நுனியைக் கூராக்குதற்கு அதனை உதட்டில் வைத்துத் திருத்தும்படி அவர்கள் பழக்கப்பட்டிருந்தனர். சில ஆண்டுகளில் அவர்களுடைய தாடையெலும்புகள் அழுகத் தொடங்கின. அந்நிறுவனமே வேண்டியதன்பேரில் ஹார்வாட்டின் ஆராய்ச்சியாளர் சோதித்து, நோய்க்கு றேடியமே காரணம் என அறிக்கை கொடுத்தனர். அவ்வறிக்கையை வெளியிடாது, பெண்கள் யாவரும் நல்ல நிலையில் உள்ளனர் என்று பொருள்படத் திருத்தி, மாகாண அதிகாரிகளுக்கு அந்நிறுவனம் அனுப்பிவிட்டது. 1925 ஆம் ஆண்டு இதனை அறிந்த அலிஸ் அம்மையார் அவ்வாராய்ச்சியாளருக்கு எழுதித் தெரிவித்தார். அதன்பின் உண்மை அறிக்கை வெளிவந்தது. 1928 ஆம் ஆண்டு அப்பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கு நீண்டுகொண்டே சென்றபோது, பத்திரிகை ஆசிரியராகிய வோல்ட்டர் லிப்மனின் துணையை அம்மையார் நாடினார். வாதிகள் இறந்துபோகுமுன் நீதி கிடைக்க வேண்டுமென்று பத்திரிகை முழங்கியது. அவ்வாண்டிலேயே இணக்கம் ஏற்பட்டு அவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது.

மற்றைய வழக்கிலே அம்மையார் தோல்வியுற்றார். மோட்டார் வண்டியின் இயந்திரம் தட்டாது இயங்குதற்காகப் பெற்றோலிலே ஈயங்கலந்த ஒரு திரவத்தைச் சேர்க்கும் முறை 1923 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபர் மாதம் அத்திரவத்தைச் செய்யும் நியூஜேர்சித் தொழிற்சாலையொன்றிலே தொழிலாளர் சித்தங் கலங்கி, ஐவர் மாண்டனர். 1925 ஆம் ஆண்டு மே மாதம் வாஷிங்டனில் இதுபற்றி மகாநாடு கூடியது. தொழிற்சாலையின் நாற்சுவருக்குள்ளேயே அடக்குதற்கரிய ஈயத்தை நாட்டின் தெருக்கள்தோறும் புகையாக விடுவது எங்ஙனம் பாதுகாப்பாகும் என்று அம்மையார் வாதித்தார். ஈயமல்லாத வேறொரு பொருளைத் தேடுமாறு வேண்டினார். ஆயினும் 1926 ஆம் ஆண்டு, தடைசெய்தற்குப் போதிய காரணமில்லை என்று வல்லுநர் குழு தீர்மானித்தது. ஈயப் பெற்றோல் உலகெங்கும் பரவியது.

அவர் கூற்றின் உண்மை வெளிப்பட நெடுங்காலஞ் சென்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டபின், அமெரிக்கத் தெருக்களில் ஓடும் வண்டிகளுக்கு ஈயப் பெற்றோல் விற்பது 1996 ஆம் ஆண்டு முற்றாகத் தடுக்கப்பட்டது. எமது இலங்கையில் அது 2002 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. உலகிலே கடைசியாக அல்ஜீரியா 2021 ஆம் ஆண்டு அதனைக் கைவிட்டது. அம்மையார் எச்சரித்ததற்கும் உலகம் அதனை முழுதும் ஏற்றுக்கொண்டதற்கும் இடையே 96 ஆண்டுகள் கழிந்தன. எம்முட் பலர் அவ்வாண்டுகளிலே, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், அப்புகையைச் சுவாசித்து வளர்ந்தவர்களே.

முதுமையும் மறைவும்

ஓய்வு பெற்றபின்னும் அம்மையார் ஓய்ந்திருந்தாரல்லர். 1937, 1938 ஆம் ஆண்டுகளில், செயற்கைப் பட்டுத் தொழிலிலே கரியிருகந்தகை என்னும் ஆவி தொழிலாளரைப் பித்தராகவும் வாதநோயாளராகவும் ஆக்குதலை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 1943 ஆம் ஆண்டு தம் சுயசரிதையை வெளியிட்டார். 1944 முதல் 1949 வரை, பொருள்களை வாங்குவோர் அவற்றைச் செய்வோரின் நலனையுங் காத்தல் வேண்டும் என்ற கொள்கையுடைய தேசிய நுகர்வோர் சங்கத்தின் தலைவராயிருந்தார். போரையும் அவர் என்றும் வெறுத்தவர்; 1915 ஆம் ஆண்டு ஜேன் அடம்சோடு ஹேக் நகரப் பெண்கள் மகாநாட்டுக்குச் சென்று சமாதானத்துக்காகப் பேசினார்.

கனெற்றிக்கற் மாகாணத்து ஹட்லைம் என்னும் சிற்றூரிலே, ஆற்றங்கரையிலுள்ள தம் வீட்டிற் சகோதரியோடு வாழ்ந்து, 1970 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 22 ஆந் திகதி, தம் 101 ஆம் வயதிற் காலமானார். அவர் மறைந்து மூன்று மாதத்தின்பின், டிசெம்பர் 29 ஆந் திகதி, அமெரிக்கா முழுவதற்கும் உரிய தொழிற் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கையொப்பமாயிற்று. அதன்படி நியமிக்கப்படும் பரிசோதகர் தொழிற்சாலைக்குட் சட்டப்படி நுழையலாம். 60 ஆண்டுக்கு முன் வாயிலில் நின்று அனுமதி கேட்ட பெண்மணி அந்நாளைக் காணாது சென்றது எமக்கு வருத்தந் தருகின்றது.

எமக்குரிய பாடம்

இவ்வம்மையாரிடம் செல்வமில்லை, அதிகாரமில்லை, உயர்பதவியும் மறுக்கப்பட்டது. அவரிடமிருந்தவை கற்ற கல்வியும், கேட்டறியும் பொறுமையும், பிழையை ஒப்புக்கொள்ளும் நேர்மையுமே. நோயாளியைப் பார்த்தவுடன் அவன் என்ன தொழில் செய்கின்றான் என்று வினவும் வழக்கத்தை அமெரிக்க வைத்தியரிடையே வேரூன்றச் செய்தவர்களுள் அவர் தலையாயவர். அவ்வொரு வினாவாற் பிழைத்தவர் எத்தனை பேர் என்று கணக்கிட யாராலும் இயலாது. பிழைத்தவர்க்குத் தாம் பிழைத்ததும் தெரியாது.

எம் பழைய மாணவருள் ஓர் ஆலையையோ, அச்சகத்தையோ, பற்றரி திருத்துமிடத்தையோ, பண்ணையையோ நடத்துவோர் உளர். தம் இடத்திலே நாள்தோறும் எழும் தூசி எங்கே செல்கின்றது, புகை யாருடைய மார்பிற் படிகின்றது, மருந்து தெளிப்பவன் கையுறையில்லாது நிற்பது ஏன் என்று அவர்கள் இன்று மாலை ஒருமுறை சென்று பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம். இன்று வகுப்பறையில் இரசாயனமும் உயிரியலுங் கற்கும் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். ஈயத்தின் குறியீட்டை மனப்பாடஞ் செய்வது பரீட்சைக்கு உதவும். அவ்வீயம் யாருடைய மூச்சிற் கலக்கின்றது என்று தேடிச் செல்பவனே அக்கல்வியை நிறைவாக்குபவன். அத்தகையோர் எமது கல்லூரியிலிருந்து பலர் தோன்றுவாராக.